ஹேண்டில் பக்கம் கைவேலை: லேத்தில் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது

கோவையின் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் எந்தச் சந்தில் திரும்பினாலும் லேத் ஓடுகிறது. காலையில் அளவைச் சொன்னால் சாயங்காலம் பொருள் கைக்கு வந்துவிடும். அந்த வசதியால்தான் ஹேண்டில் ரைசர் (ஹேண்டிலை உயர்த்தும் கட்டை), அகலமான ஃபோர்க் பிளேட் (முன் சக்கரத்தின் இரண்டு பைப்பையும் பிடிக்கும் தகடு), நீட்டிய ஃபோர்க் பைப் என்று பைக்கின் முன்பக்கத்தில் கைவேலை இங்கே அதிகம். கடைசல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அந்தப் பொருள் பாரம் தாங்குமா என்பதை வேறு விதமாகத்தான் பார்க்க வேண்டும். பம்பு செட்டின் தண்டு உடைந்தால் தண்ணீர் நிற்கும். டீ ஸ்டெம் (ஃபோர்க்கை வண்டியின் சட்டத்தோடு இணைத்து, ஹேண்டிலோடு திரும்பும் தண்டு) உடைந்தால் முன் சக்கரம் வண்டியை விட்டுப் போய்விடும், ஓட்டுபவர் கையில் ஹேண்டில் மட்டும் மிஞ்சும்.

முதலில் பாரக் கணக்கு. வண்டியும் ஆட்களும் சேர்ந்து 250 கிலோ என்று வையுங்கள். முன் பிரேக்கை நன்றாகப் பிடித்தால் டயர் தரையைத் தொடும் இடத்தில் சுமார் 175 கிலோ விசை பின்னோக்கித் தள்ளும். அந்த இடத்துக்கும் டீ ஸ்டெம்மின் அடிக்கும் நடுவே ஏறக்குறைய 70 செ.மீ. உயரம் இருக்கிறது. அவ்வளவு நீளமான கடப்பாரையால் நெம்புவதற்குச் சமம். வண்டி சும்மா நிற்கும்போது எடை ஃபோர்க்கை முன்னோக்கி வளைக்கப் பார்க்கும், பிரேக் பிடித்தால் பின்னோக்கி வளைக்கப் பார்க்கும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையோ, திம்பத்தின் 27 வளைவுகளையோ ஒருமுறை இறங்கினால் அந்த இரும்பு எத்தனை தடவை இப்படியும் அப்படியும் வளைகிறது என்று யோசியுங்கள். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதுதான் மெதுவாக நடக்கிறது.

இதனால்தான் "நூறு கிலோ மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தாச்சு, ஒன்னும் ஆகலைங்க" என்ற பேச்சு செல்லாது. ஒரே தடவை வைக்கும் பாரத்தை மோசமான வெல்டிங்கூடத் தாங்கும். மாதக்கணக்கில் மாறி மாறி விழும் பாரத்தில் முடியளவு விரிசல் தொடங்கி, பாதிக்கு மேல் பரவிய பிறகு ஒரே நொடியில் முறியும். அதுவரை ஓட்டும் கைக்கு எதுவும் தெரியாது.

ஆகவே சில பாகங்களைத் தொடவே கூடாது. டீ ஸ்டெம்மில் வெல்டிங் வைக்காதீர்கள். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிக்கு வெல்டிங் வைக்கும் கை தேர்ந்தவராகவே இருந்தாலும் சரி. கோளாறு அவர் வேலையில் இல்லை. வெல்டிங்கை ஒட்டிய இடத்தில் சூடு பட்டு இரும்பின் தன்மை மாறிவிடுகிறது, வெல்டிங்கின் ஓரமே விரிசல் பிறக்கும் இடமாகிறது. அலுமினியப் பிளேட் என்றால் இன்னும் மோசம். 6061-டி6 போன்ற அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்ட பகுதியின் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். பம்புக்கு வார்க்கும் ஃபவுண்டரியில் பிளேட் வார்த்து வாங்குவதும் வேண்டாம். வார்ப்புக்குள் இருக்கும் காற்றுக் குமிழ் வெளியே தெரியாது.

ஃபோர்க் பைப்பை நீட்ட உள்ளே கட்டை திருகுவது, வெட்டி ஒட்டுவது, வளைந்ததைப் பிரஸ்ஸில் நிமிர்த்துவது மூன்றும் இதே ரகம். பைப் வளைந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு வி-பிளாக் (வி வடிவப் பள்ளம் உள்ள கட்டை) மேல் வைத்து, நடுவில் டயல் கேஜ் (நுண்ணளவை முள்ளால் காட்டும் கருவி) பொருத்திச் சுற்றுங்கள். முள் ஆடும் மொத்த அளவில் பாதிதான் உண்மையான வளைவு. பல வண்டிகளின் சர்வீஸ் புத்தகம் 0.2 மி.மீ. வரைதான் ஒத்துக்கொள்கிறது. அதற்கு மேல் போனால் புதுப் பைப்தான். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எடுத்த பைப் என்றால் இந்தச் சோதனையை முடித்த பிறகே காசு கொடுங்கள்.

விழுந்த வண்டியில் ஹேண்டில் கோணலாக இருந்தால் உடனே நிமிர்த்தக் கிளம்ப வேண்டாம். ஆக்ஸில், கீழ் கிளாம்ப், மேல் போல்ட் எல்லாவற்றையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்காலுக்கு நடுவே பிடித்து நேர்செய்து, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்டு முறுக்குங்கள். பாதிக் கோணல் இதிலேயே போகும். போகாவிட்டால் டீ ஸ்டெம்மைக் கழற்றி, நேரான இரண்டு பைப்பைச் செருகிப் பக்கவாட்டில் பாருங்கள். ஒன்றையொன்று மறைக்காமல் குறுக்கே ஓடினால் ஸ்டெம் முறுகியிருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும்.

வீட்டில் செய்யத் தகுந்தது ரைசர். அதுவும் 25 மி.மீ. உயரம் வரைதான். ஹெச்இ30 அல்லது 6061-டி6 அலுமினியப் பார் வாங்கிக் கடையுங்கள். மேல், கீழ் முகங்கள் இணையாக இருக்க வேண்டும், வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள். அடி முகம் பழைய கிளாம்ப்பின் அடியைவிடச் சிறுத்துவிடக் கூடாது. இரண்டு தனித் தூணாகச் செய்வதைவிட ஒரே கட்டையாகச் செய்தால் ஹேண்டில் முறுகாது. வாஷர்களை அடுக்கி உயரம் ஏற்றுவது ரைசர் ஆகாது. போல்ட் வளையத் தொடங்கிவிடும்.

போல்ட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தலையில் 8.8 என்று பலத்தின் எண் பொறித்த போல்ட்தான் வேண்டும். பளபளப்புக்காகப் போடும் எஸ்.எஸ். போல்ட்டில் ஏ2-70 என்றிருக்கும், அது 8.8-ஐவிடப் பலம் குறைந்தது. ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மரைக் கம்பியைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட் அலுமினியத்துக்குள் குறைந்தது 12 மி.மீ., முடிந்தால் 16 மி.மீ. இறங்க வேண்டும். ரைசர் எவ்வளவு உயரமோ போல்ட்டும் அவ்வளவு நீளம் கூட வேண்டும். முறுக்கு அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் கை மதிப்பில் இறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும்.

ரைசர் ஏற்றியதும் கேபிளைப் பாருங்கள். இன்ஜினை ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் கொஞ்சம் ஏறினாலும் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். கொண்டை ஊசியில் வண்டியைத் திருப்பும்போது தானாகவே வேகம் எடுக்கும். கிளட்ச் விடாமல் பிடிப்பதும், டிஸ்க் பிரேக் ஹோஸ் விறைத்து நிற்பதும் இதே கதைதான். நீளக் கேபிளும் ஹோஸும் வாங்கிப் போடுங்கள். இருப்பதையே இழுத்துக் கட்டினால் அறுந்துபோகும்.

ஃபோர்க் பைப்பைக் கிளாம்ப்புக்குள் மேலே ஏற்றி முன்பக்கத்தைத் தாழ்த்துவோர் 10 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 10 மி.மீ. தாழ்த்தினால் ஃபோர்க்கின் சாய்வு சுமார் 0.4 டிகிரி குறையும், டிரெய்ல் இரண்டு மூன்று மி.மீ. குறையும். டிரெய்ல் என்பது ஸ்டெம்மின் கோட்டைத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம். வண்டி தானாக நேரே ஓடுவது அதனால்தான். வேறு அளவில் பிளேட் கடைந்து பைப்பை 10 மி.மீ. முன்னே தள்ளிவிட்டால் டிரெய்ல் 11 மி.மீ. போலக் குறைந்துவிடும், பைபாஸில் ஹேண்டில் உதறத் தொடங்கும். பைப்பை ஏற்றிய பிறகு ஃபோர்க் முழுக்க அமுங்கினால் மட்கார்டு எங்கும் இடிக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பைப்பும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள்.

கோன் செட்டை (ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்) மாற்றினால் கப் அடிவரை உட்கார வேண்டும். சுத்தியலால் ஒரு பக்கமாக அடித்தால் கோணலாக நிற்கும். முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டொக் என்றால் லூஸ். ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் தன் எடையிலேயே ஓரத்துக்கு விழ வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கிறதென்றால் பால் ரேஸ் (பேரிங் குண்டுகள் உருளும் தடம்) தேய்ந்துவிட்டது. எவ்வளவு இறுக்கித் தளர்த்தினாலும் சரியாகாது.

பழைய டீ ஸ்டெம்மையே பொருத்துவதாக இருந்தால் டை பெனட்ரன்ட் சோதனை (சாயத்தால் விரிசலைக் காட்டுவது) செய்துவிடுங்கள். தொழிற்சாலைப் பொருள்கள் விற்கும் கடையில் மூன்று டப்பாவாகக் கிடைக்கும். பெயின்டை முழுக்க நீக்கி, கிளீனரால் துடைத்து, சிவப்புத் திரவம் அடித்து 10 நிமிடம் விடுங்கள். பிறகு துணியில் கிளீனரை நனைத்துத் துடைக்க வேண்டும். நேராகப் பொருளின் மேல் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப்போகும். வெள்ளை டெவலப்பர் அடித்து இன்னொரு 10 நிமிடம் காத்திருங்கள். ஸ்டெம் பிளேட்டுக்குள் இறங்கும் அடிப்பகுதியில் சிவப்புக் கோடு எழுந்தால் அதை இரண்டாக அறுத்து எடைக்குப் போடுங்கள். அறுக்காமல் போட்டால் வேறு யாரோ வாங்கி மாட்டிக்கொள்வார்கள்.

வண்டியில் அனுமதியில்லாமல் மாற்றம் செய்வதைத் தடுக்க மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவும் இருக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

எல்லாம் பூட்டிய பிறகு ஆளில்லாத நேரான சாலையில் 30 கி.மீ. வேகத்தில் ஓட்டி, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பாருங்கள். 50 கி.மீ. ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள். 500 கி.மீ.யில் இன்னொரு முறை. போல்ட் தலைக்கும் கிளாம்ப்புக்கும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், கோடு விலகியிருப்பது காலையில் வண்டி எடுக்கும்போதே கண்ணில் படும்.