சாரல் காலத்திலும் கல்யாண வீடியோ பத்திரமாக இருக்க: மூன்று சர்வரில் க்ளஸ்டர்எஃப்எஸ்

செங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறோம். புனலூர் பக்கத்துக் கல்யாணங்களும் வரும். ஒரே ஃபைலைப் பல சர்வர்களில் பிரதி வைக்கும் க்ளஸ்டர்எஃப்எஸ் என்ற மென்பொருளை முதலில் இரண்டு சர்வரில் ஓட்டினோம். ஜூன் பிறந்து ஆரியங்காவு கணவாய் வழியே சாரல் இறங்கினால், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. அப்படி ஒரு மாலையில் இரண்டு சர்வரும் யுபிஎஸ்ஸில் ஓடின, நடுவிலிருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் அணைந்துவிட்டது. இரண்டிலும் ஓடிய ரெண்டர் வேலைகள் ஒரே ப்ராஜெக்ட் ஃபைலில் ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டன. எது சரியான பிரதி என்று சொல்ல மூன்றாவது சாட்சி இல்லை. இதைத்தான் ஸ்பிளிட் பிரெய்ன் என்கிறார்கள். ஒருவர் வீட்டுத் தாலிகட்டு அந்த ஃபைலில் இருந்தது.

ஆகவே இரண்டு சர்வரோடு நிறுத்தாதீர்கள். மூன்றாவதாக ஒரு பழைய கம்ப்யூட்டரை ஆர்பிட்டராக, அதாவது நடுவராக, வையுங்கள். ஃபைல்களின் பெயரும் விவரமும் மட்டும் அதில் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. அதனால் சின்ன டிஸ்க் போதும். தனியாக மாட்டிக்கொண்ட சர்வர் அப்புறம் எழுத மறுத்துவிடும். ஸ்விட்ச் போனால் வேலை நிற்கும், ஃபைல் கெடாது. ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் மாட்டிவிடுங்கள்.

சரி, நிறுவும் வேலைக்கு வருவோம். டெபியன் என்ற லினக்ஸ் போட்ட ஒரு சர்வரைத் தயார் செய்து அதன் டிஸ்க்கை அப்படியே நகலெடுக்காதீர்கள். வார்/லிப்/க்ளஸ்டர்டி கோப்புறையில் ஒவ்வொரு சர்வருக்கும் தனி அடையாள எண் உண்டு. அதுவும் நகலானால் சர்வர்கள் ஒன்றையொன்று சேர்த்துக்கொள்ளாது. அதற்குப் பதில் நான் சிறிய டெப் பேக்கேஜ் (டெபியனில் மென்பொருள் நிறுவும் ஃபைல்) ஒன்று கட்டிக்கொள்கிறேன். அதன் கன்ட்ரோல் ஃபைலில், வேறென்ன மென்பொருள் தேவை என்று சொல்லும் டிபெண்ட்ஸ் வரியில் க்ளஸ்டர்எஃப்எஸ் சர்வரின் பதிப்பு எண்ணைச் சமக்குறி போட்டு எழுதினால் மூன்றிலும் ஒரே பதிப்பு ஏறும். கூடவே சர்வர் கிளம்பும்போது டிஸ்க்கைத் தானாக இணைக்கும் சிஸ்டம்டி மவுன்ட் யூனிட்டையும் அதில் வைக்கிறேன். மவுன்ட் செய்யும் பாதையின் பெயரும் யூனிட் ஃபைலின் பெயரும் ஒத்திருக்க வேண்டும். டிபிகேஜி-டெப் பில்ட் கொடுத்தால் பேக்கேஜ் தயார். நிறுவும்போது ஆப்ட் இன்ஸ்டாலுக்குப் பிறகு ஃபைல் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் போடுங்கள், இல்லாவிட்டால் ஆப்ட் அதை இணையத்திலுள்ள பேக்கேஜ் கிடங்கான ரெப்பாசிட்டரியில் தேடும்.

டேட்டா டிஸ்க்கை எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்து மவுன்ட் செய்த பின், அதற்குள் இன்னொரு கோப்புறை உண்டாக்கி அதையே பிரிக் (க்ளஸ்டர்எஃப்எஸ் ஃபைல்களை வைக்கும் இடம்) ஆக்குங்கள். டிஸ்க் மவுன்ட் ஆகாமல் போன நாளில் அந்தக் கோப்புறையும் இருக்காது, எனவே வீடியோக்கள் சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனில் போய் நிரம்பாது.

சர்வர் பெயர்களை ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதி, ஒரு சர்வரிலிருந்து மற்ற இரண்டையும் பியர் ப்ரோப் கட்டளையால் குழுவில் சேருங்கள். பிரிக்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக்கும் வால்யூம் கிரியேட் கட்டளையில் ரெப்ளிக்கா 3, ஆர்பிட்டர் 1 என்று கொடுங்கள். வரிசையில் மூன்றாவதாக வரும் பிரிக்தான் ஆர்பிட்டர், அதனால் பழைய கம்ப்யூட்டரின் பெயர் கடைசியில் வர வேண்டும். பிறகு வால்யூம் ஸ்டார்ட்.

எடிட் கம்ப்யூட்டர் மூன்று சர்வருக்கும் நேரடியாக எழுதும். ஆகையால் 24007 போர்ட்டையும், பிரிக்குகளுக்காக 49152 முதல் 60999 வரையிலான போர்ட்டுகளையும் ஃபயர்வாலில் அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள். டேட்டா இரண்டு இடத்துக்குப் போவதால் கேபிளின் வேகம் பாதியாகத் தெரியும். பெரிய வீடியோவுக்கு இது பரவாயில்லை. ஆயிரக்கணக்கான குட்டி தம்ப்நெயில்கள் என்றால் திணறும், அவற்றை உள்ளூர் டிஸ்க்கிலேயே விடுங்கள்.

கடைசியாக, பெரிய ஃபைல் ஒன்று காப்பி ஆகும்போதே ஒரு டேட்டா சர்வரின் பிளக்கைப் பிடுங்குங்கள். இயல்பான அமைப்பில் 42 நொடி வரை தயங்கி காப்பி தொடரும். சர்வரைத் திரும்பப் போட்டு, இன்னும் சரிசெய்ய வேண்டிய ஃபைல்களைக் காட்டும் ஹீல் இன்ஃபோ கட்டளையைப் பாருங்கள். எண்ணிக்கை எல்லா பிரிக்கிலும் 0 ஆன பிறகே அடுத்த சர்வரின் பிளக்கைத் தொடுங்கள்.