கொழும்பு வீட்டு முத்தத்துக்கு நம்ம மண்ணுச் செடி எடுக்கிறது எப்பிடி

நர்சரிக்கு போக முதல் வீட்டில என்ன நிக்குது எண்டு பாருங்கோ. மஞ்சள் பூ வெடேலியா எண்ட வெளிநாட்டுப் படர்செடி தரையில படர்ந்து நிண்டா அதைத்தான் முதல்ல அகற்றோணும், அது ஒவ்வொரு கணுவிலயும் வேர் விடுற சாமான், வெட்டி வெள்ளவத்தை கால்வாய்ப் பக்கம் எறிஞ்சா அங்கயும் வளரும், அதால வேரோட பிடுங்கி சீமெந்துத் தரையில போட்டு நல்லா காய விட்டுத்தான் குப்பைக்கு குடுக்கோணும். நாயுண்ணிச் செடியும் (லன்டானா) அப்பிடித்தான், காயை குருவி திண்டு ஊரெல்லாம் பரப்பும். ஆகாயத்தாமரை (வாட்டர் ஹயசின்த்) தண்ணித் தொட்டிக்கு வடிவுதான், ஆனா அதைத் தடுக்க 1909லயே இங்க சட்டம் போட்டவங்க, வேண்டாம்.

பதிலுக்கு வெட்சி வைங்கோ. நர்சரில சும்மா எக்ஸோரா எண்டு கேட்டா குட்டை சைனீஸ் வகையத்தான் தூக்கித் தருவினம், சிங்களத்தில ‘ரத்மல்’ எண்டு கேளுங்கோ, சிவப்புப் பூ, வெயில் வேணும், தேன் குடிக்க வண்ணத்துப்பூச்சி வரும். கறிவேப்பிலையும் கட்டாயம், அதில ஒரு வண்ணத்துப்பூச்சி முட்டை போடும், புழு இலையைத் திண்டா மருந்து அடிக்காதேங்கோ, கறிக்கு மிச்சம் இருக்கும் (மாமிமார் ஏசுவினம், பரவாயில்ல).

பிளாட்ல இருக்கிறாக்கள் கனகாம்பரத்தை சாடியில வைக்கலாம். தொட்டி இருந்தா நீல அல்லி, ஆனா மீன் விடுங்கோ, இல்லாட்டி டெங்கு நுளம்புதான். கடையில இதழ் அடுக்கடுக்கா ஊதாவா இருந்தா அது கலப்பினம், வாங்காதேங்கோ.

நாகமரம் நம்ம தேசிய மரம்தான், ஆனா சின்ன முத்தத்தில அதை நட யோசிக்கவே வேண்டாம்.