பதற்றத்தோடு படிக்கும்போது: காலேஜை ஒரு வருடம் நிறுத்தலாமா, வேண்டாமா?

மூன்று வழிகள் உண்டு. சிரமத்தோடு தொடர்ந்து போவது, எழுத்தில் அனுமதி வாங்கி நிறுத்துவது, யாரிடமும் சொல்லாமல் போகாமலே இருந்துவிடுவது. முதல் இரண்டில் எது சரி என்பது ஆளைப் பொறுத்தது. மூன்றாவது யாருக்கும் சரிவராது. பதற்றம் முற்றும்போது பிள்ளைகள் போய் விழுவது பெரும்பாலும் அதில்தான். பையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி, தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே எலெக்ட்ரிக் ட்ரெயினில் நாலு தடவை போய்வந்து, சாயங்காலம் வீடு திரும்புவார்கள். விஷயம் வீட்டுக்குத் தெரியும்போது வருகைப்பதிவு 65 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும். அப்புறம் முடிவெடுப்பது நீங்கள் இல்லை, காலேஜ்.

இதைப் படிக்கும் இந்த நேரத்தில் செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்துகொண்டிருந்தால், காலேஜ் விஷயத்தை அப்படியே ஒதுக்கி வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நான்கு வாரம் தள்ளிப்போடுங்கள்

பயந்த இடத்துக்குப் போகாமல் விட்டால் உடனே நெஞ்சு லேசாகிவிடும். அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. லேபைத் தவிர்த்தவர் அடுத்து வைவாவைத் தவிர்ப்பார், அதற்கடுத்து காலேஜ் பஸ்ஸையே தவிர்ப்பார். அதனால் "நின்னுடலாம்" என்று தோன்றும் நிமிஷத்தில் பேசுவது நோயா நீங்களா என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. செமஸ்டர் தேர்வு வாரத்திலும், தூக்கம் வராத இரவிலும் எடுத்த முடிவை முடிவாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான்கு வாரம் கெடு வைத்து, அதற்குள் சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள்.

முதல் வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், ஸ்டான்லியிலும் புறநோயாளிப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கிவிட வேண்டும். கீழ்ப்பாக்கம் என்றாலே கேலி பேசும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. 1794இல் தொடங்கிய மருத்துவமனை அது. அந்தக் கேலிக்கு அஞ்சி ஒதுங்கிச் சிகிச்சையை இழந்துவிடாதீர்கள்.

தைராய்டு, ஹீமோகுளோபின் ரத்தப் பரிசோதனைகளை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும், கை நடுங்கும். ஒரு நாளைக்கு எத்தனை காபி, எத்தனை எனர்ஜி டிரிங்க் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் எழுதித்தந்தால், பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் சில நாட்களில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். "இது எனக்கு ஒத்துக்கல" என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நிறுத்தாமல் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அல்ப்ரசோலாம், குளோனாசெபாம் மாத்திரைகள் பதற்றத்தை உடனே அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் வேண்டாம், நண்பர் தந்ததை வாங்கிப் போடவே வேண்டாம். மாத்திரையோடு சிபிடி என்னும் பேச்சு சிகிச்சையும் கிடைத்தால் நல்லது. அது வாரம் ஒரு முறை, சுமார் 8 முதல் 16 அமர்வுகள் போகும்.

தினமும் ஒரு நோட்டில் மூன்று எண்கள் மட்டும் எழுதுங்கள்: எத்தனை பீரியட் உட்கார்ந்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்றைய பயத்தின் உச்சம் பத்துக்கு எத்தனை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 கேள்வித்தாளை நிரப்புங்கள். 7 கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண். 10 முதல் நடுத்தரம், 15 முதல் கடுமை. ஒரு நாள் எண்ணைப் பார்த்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் கணக்கு.

இந்த நான்கு வாரமும் முழுப் பாரத்தைத் தூக்க வேண்டியதில்லை. டியூட்டரிடமோ எச்ஓடியிடமோ குறிப்பாகக் கேளுங்கள்: கதவோர இருக்கை, மேடை செமினாருக்குப் பதில் ஆசிரியர் முன்னால் மட்டும் பேசுவது, மூச்சடைத்தால் ஐந்து நிமிடம் வெளியே போய்வர அனுமதி. "எனக்கு மனசு சரியில்ல சார்" என்றால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. இன்ன உதவி வேண்டும் என்றால் பலர் செய்துவிடுவார்கள்.

நோட்டைத் திறந்து பாருங்கள்

பீரியட் எண்ணிக்கை மெல்ல ஏறினாலும், பயம் 9லிருந்து 7க்கு இறங்கியிருந்தாலும் தொடர்ந்து போங்கள். நிறுத்துவது சரி என்று மூன்று நிலைகளில் சொல்லலாம். சிகிச்சை எடுத்தும் ஒரு பீரியட்கூட உட்கார முடியவில்லை, சாப்பாடும் தூக்கமும் குலைந்துவிட்டன. அல்லது அடிக்கடி மருத்துவமனை போகவேண்டிய அளவுக்குச் சிகிச்சைக்கே நேரம் தேவை. அல்லது கணக்குப்படி வருகைப்பதிவை எட்டவே முடியாது. செமஸ்டரில் 75 வேலை நாட்கள் என்றால், 18 நாள் லீவு வரை 75 சதவீதத்துக்குக் கீழே போகாது, 26 நாள் வரை 65க்குக் கீழே போகாது (இந்த இரண்டு எல்லைகளும் எதற்கு என்பது 'காகித வேலை'யில் வரும்). இன்று எத்தனை போயிருக்கிறது என்று எண்ணிவிடுங்கள்.

ராகிங்கோ ஒரு ஆசிரியரின் தொல்லையோதான் காரணம் என்றால், நிறுத்துவது தண்டனையை உங்களுக்கே கொடுப்பது. யுஜிசியின் ராகிங் தடுப்பு எண் 1800-180-5522. பிடிக்காத கோர்ஸில் சேர்த்துவிட்டதுதான் காரணம் என்றால், ஒரு வருடம் கழித்துத் திரும்பினாலும் அதே கோர்ஸ்தான் காத்திருக்கும். அது வேறு பேச்சு, அதைத் தனியாகப் பேசுங்கள்.

காகித வேலை

இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கீழே சொல்வது அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பொறியியல் கல்லூரிகளுக்கு. தன்னாட்சி, நிகர்நிலை, கலை அறிவியல் கல்லூரிகளில் விதி வேறாக இருக்கும். உங்கள் பேட்ச் ரெகுலேஷனை நீங்களே வாசித்துவிடுங்கள்.

அங்கே முழு நிறுத்தத்துக்கு முன் இரண்டு சிறிய வாசல்கள் உண்டு. வருகைப்பதிவு 65க்கும் 75க்கும் நடுவே இருந்தால், மருத்துவச் சான்றிதழோடு அந்தத் தேர்வை எழுத அனுமதி கேட்கலாம். வருகைப்பதிவு இருந்தும் தேர்வை எழுத முடியாத நிலை என்றால் 'வித்ட்ராயல்', அதாவது அந்தத் தேர்விலிருந்து விலகிக்கொள்ள அனுமதி, கேட்கலாம். படிப்புக் காலம் முழுக்க ஒரே ஒரு செமஸ்டர் தேர்வுக்குத்தான் அது கிடைக்கும். டிஸ்டிங்ஷனுக்கும் அது பாதகமில்லை.

இரண்டும் போதாதபோதுதான் 'பிரேக் ஆஃப் ஸ்டடி'. ஒரே தவணையாக, அதிகபட்சம் ஒரு வருடம். அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள் முதல்வர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும். ஆறு மாதம் மட்டும் நிற்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: உதாரணத்துக்கு, மூன்றாவது செமஸ்டர் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும், பாதியில் நின்றால் அடுத்த வருடம் அதே செமஸ்டருக்குத்தான் திரும்ப வேண்டும். அதனால் முடிந்தால் நடப்பு செமஸ்டர் தேர்வை எழுதிவிட்டு நில்லுங்கள். கட்டிய ஃபீஸும் படித்த பாடமும் வீணாகாது.

சான்றிதழில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓய்வும் சிகிச்சையும் தேவை என்பது, மருத்துவரின் பதிவு எண், முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். போன மாதம் போகாத நாட்களுக்கு இன்று சான்றிதழ் கேட்டால் நல்ல மருத்துவர் தரமாட்டார். முன்பே போகச் சொல்வது அதற்காகவும்தான். அரசு மருத்துவர் சான்றிதழ்தான் வேண்டுமா என்று ஆபீஸில் முதலில் கேட்டுவிடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தின் நகலிலும் பெற்றுக்கொண்ட சீல் வாங்குங்கள். டிசி மட்டும் வாங்கிவிடாதீர்கள். டிசி வாங்கினால் அது இடைவெளி இல்லை, டிஸ்கன்டினியூ.

கல்விக் கடன் இருந்தால் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, படிப்பை முடிக்கும் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். நிற்கும் நாட்களிலும் வட்டி ஓடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை எது வாங்கினாலும், அது திரும்பி வந்தபின் தொடருமா என்று ஸ்காலர்ஷிப் பார்க்கும் கிளார்க்கிடம் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள். வேலை பற்றிய பயம் வீட்டில் பெரிதாக எழும். காரணம் சொல்லக்கூடிய ஒரு வருட இடைவெளியைவிட நிலுவையில் நிற்கும் அரியர்தான் கேம்பஸ் இன்டர்வியூவில் அதிகம் தடுக்கும்.

வீட்டில் சொல்வது

"படிக்க முடியல" என்று தொடங்கினால் "எல்லாரும் படிக்கலையா?" என்றுதான் பதில் வரும். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, நாலு வாரமா டாக்டர்கிட்ட போறேன், இதுல எழுதியிருக்கேன் பாருங்க. படிப்ப விடல. ஒரு வருஷம் கழிச்சு இந்த செமஸ்டர்லயே திரும்பச் சேருவேன்" என்று சொல்லிப்பாருங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிப்போங்கள். சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது என்பதை அன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "உடம்பு சரியில்ல, ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு" என்பது போதும், அது உண்மையும்கூட.

நிறுத்தியபின்

திட்டமில்லாத பிரேக் பயத்தை வளர்க்கும். முதல் மாதம் தூக்கத்தை ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாம் மாதத்திலிருந்து வாரத்தில் மூன்று நாளாவது ஆட்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் அதற்கு ஏற்ற இடம்: முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி, பிறகு பீக் அவர் பஸ்ஸில் ஏறி அங்கே போவது. பயம் பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருந்துவிட்டு எழுந்திருங்கள், உச்சத்தில் எழுந்து ஓடினால் பயிற்சி தலைகீழாகிவிடும். வகுப்புத் தோழர் ஒருவரோடாவது தொடர்பு விடாதீர்கள்.

திரும்பச் சேர மூன்று மாதம் இருக்கும்போதே ஆபீஸில் ரீ-அட்மிஷன் நடைமுறையைக் கேளுங்கள். இடையில் ரெகுலேஷன் மாறியிருந்தால் கூடுதல் பாடங்கள் எழுத வேண்டி வரலாம், அந்தப் பட்டியலை அப்போதே வாங்கிவிடுங்கள். தேறிவிட்டார் என்ற மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். மாத்திரையைத் திரும்பச் சேரும் மாதத்தில் குறைக்க வேண்டாம். கடைசி இரண்டு வாரம், வகுப்பு இல்லாத நாளில் காலேஜ் கேட் வரை போய்வாருங்கள், அடுத்த தடவை கேன்டீன் வரை, அதற்கடுத்த தடவை உங்கள் வகுப்பறைக் கதவு வரை.