வீடு காட்டக் கிளம்பும் முன் ஒரு மெசேஜ்

இன்னொரு புரோக்கர் கையில் இருக்கும் வீட்டை உங்கள் பார்ட்டிக்குக் காட்டப் போகிறீர்களா? கிளம்பும் முன்பே அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். "அண்ணே, வேளச்சேரி ரெண்டாவது மாடி வீட்டுக்கு குமார் சார், நம்பர் 4417-ல முடியும், இன்னிக்கு சாயங்காலம் 5 மணி. கமிஷன் ஆளுக்குப் பாதி, சரிதானே?" அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு சாவி வாங்கப் போங்கள்.

வாய்ப்பேச்சோடு விட்டால், அட்வான்ஸ் கைமாறும் நாளில் "இது என் பார்ட்டி" என்று இருவருமே உண்மையாகவே நம்பிக்கொண்டு நிற்பார்கள். மெசேஜில் தேதியும் நேரமும் தானாகப் பதிந்துவிடும். கடைசி 4 எண் மட்டும் கொடுப்பதால், பார்ட்டியை அவர் நேராகக் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயமும் இல்லை. பார்ட்டியை வாசலில் நிற்க வைத்துக்கொண்டு பங்கு பேசுவதைப் போல அசிங்கம் வேறில்லை, அதுவும் மிச்சம்.

அதே வீட்டைப் பார்ட்டி ஏற்கெனவே வேறொருவர் மூலம் பார்த்திருந்தால் இந்த மெசேஜ் உங்களுக்கு உரிமை தராது. முதலில் காட்டியவரிடம் பேசிவிடுங்கள். பில்டரின் புது புராஜெக்டுகளுக்கும் இது போதாது. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம், 2016-ன்படி அந்தப் புராஜெக்ட் பதிவுக்கு உட்பட்டது என்றால், அதை விற்க ஏஜென்டும் பதிவு செய்திருக்க வேண்டும்.