வேலைக்குப் போகிற வீட்டில் வாசனை மூச்சை அடைத்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் முதியோரைப் பார்த்துக்கொள்ளவோ, சமைக்கவோ, துப்புரவுக்கோ வீடு வீடாகப் போகிறவர்களில் சிலருக்கு வாசனைத் திரவியம் ஒத்துக்கொள்வதில்லை. தலைவலியும் தொண்டை எரிச்சலும் வரும். ஆஸ்துமா இருந்தால் இழுப்பே வந்துவிடும். உடனே முகக்கவசம் வாங்கத் தோன்றும். ஆனால் எஃப்எஃப்பி2 கவசம் தூசியையும் புகைத் துகளையும்தான் பிடிக்கும், வாசனை ஆவி அதற்குள் புகுந்து வரும். கரி அடுக்கு உள்ள கவசம் ஓரளவு உதவும். அந்தக் கரி நிறைந்ததும் அதிலும் பயனில்லை. ஆகவே வாசனை கிளம்பும் இடத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

புது வீடு என்றால் முந்தின நாளே செய்தி அனுப்பிக் கேளுங்கள்: பிளக்கில் செருகும் வாசனைக் கருவி இருக்கிறதா, சாம்பிராணி எப்போது போடுவீர்கள், தரை துடைக்க என்ன ஊற்றுகிறீர்கள்? பிளக் கருவியின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. திரி எண்ணெயில் ஊறிக்கொண்டே இருப்பதால் வாசனை வந்துகொண்டேதான் இருக்கும். வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, அதைக் கழற்றி இறுக மூடும் கண்ணாடி ஜாடியில் போட்டு கராஜில் வையுங்கள்.

அடுத்தது காற்று. எதிரெதிரே உள்ள இரண்டு சன்னல்களைக் கால் மணி நேரம் திறந்து வையுங்கள். ஒரே ஒரு சன்னலைத் திறந்தால் காற்று அவ்வளவாக ஓடாது. ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்தில் எல்லாரும் ஏசியை நம்புகிறார்கள். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் அறைக் காற்றையேதான் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது, வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் சன்னலைத் திறந்தால் குரங்கு வந்துவிடும் என்பதும் உண்மை. கம்பி அதைத் தடுக்காது, வலை அடித்தால் தடுக்கும். அதுவரை பழம், ரொட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் திறங்கள். காற்று சுத்திகரிப்பான் வாங்குவதானால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி மட்டும் போதாது. கனமான கரி வடிகட்டியும் இருக்க வேண்டும். ஓசோன் விடும் கருவி வேண்டவே வேண்டாம், அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

வெள்ளிக்கிழமைப் பூசையும் புரட்டாசி மாதமும்தான் பேசவே சங்கடமான இடம். கரித்துண்டில் போடும் சாம்பிராணியிலிருந்து துகளோடு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வருகிறது. மூடிய அறையில் அது வாசனையோடு நிற்கிற விஷயம் அல்ல. ஆனால் "சாம்பிராணி போடாதீங்க" என்று சொன்னால் எந்த வீட்டிலும் மனம் கோணும். நேரத்தைப் பேசுங்கள்: "ஆண்ட்டி, எனக்குப் புகை பட்டா மூச்சு இழுக்கும். பூசை முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு வரட்டுமா? இல்ல, நான் இருக்கிற நேரம் வெளக்கு மட்டும் ஏத்திக்கலாமா?" பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

துப்புரவுப் பொருளை நீங்களே கொண்டுபோவது நல்லது. லேபிளில் 'பர்ஃபம்' என்றோ 'ஃபிராக்ரன்ஸ்' என்றோ இருந்தால் விட்டுவிடுங்கள். 'அன்சென்டட்' (வாசனையற்றது) என்று போட்டதிலும் வேறு வாடையை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம். இயற்கை எலுமிச்சை என்றாலும் நம்ப வேண்டாம். அதிலுள்ள லிமோனீன் என்ற வாசனைப் பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயுவை உண்டாக்கும்.

வீட்டாரின் துணி மென்மையாக்கி உங்கள் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். நாரில் தங்கவே அது தயாரிக்கப்படுகிறது, அதனால் ஒரு சலவையில் போகாது. மேலே ஒரு ஏப்ரன் போடுங்கள், திரும்பும்போது கழற்றிப் பையில் கட்டுங்கள். வாளி நீரில் அரைக் கோப்பை சமையல் சோடா கரைத்து இரவு முழுதும் ஊற வைத்து, வாசனையில்லாத தூளில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். வினிகர் சேர்ப்பவர்கள் அதை ஜிக் என்ற பிளீச்சோடு கலந்துவிடக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கிளீனரோடும் ஜிக் ஆகாது.

கூட வேலை செய்பவரின் சென்ட் பிரச்சினை என்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். "அக்கா, உங்க சென்ட் நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் ஒத்துக்கல. நாம ஒண்ணா வேலை பார்க்கிற நாள் மட்டும் போடாம வர முடியுமா?" நெடுநாள் பூசுகிறவருக்குத் தன் வாசனை தெரியாது, மூக்கு பழகிவிடும். அதனால்தான் அளவும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரே காரில் போனால் ஏசியை உள்காற்று சுழற்சியிலிருந்து வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். டாக்சியில் சன்னலோரம் உட்காருங்கள்.

பேசியும் மாறாவிட்டால் முதலாளிக்கு எழுத்தில் கொடுங்கள். 1993-ஆம் ஆண்டின் தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் 8-ஆம் பிரிவில், நியாயமாக இயன்ற அளவு ஆபத்தில்லாத பணியிடம் தரும் பொறுப்பை அவர்மேல்தான் வைத்திருக்கிறது. 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதி இருக்க வேண்டும், அவரிடமும் சொல்லலாம். தனியார் வீட்டு வேலை செய்பவர்களும் பணிக்கால விபத்து, நோய் இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வருவார்கள் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

வேலையால்தான் இழுப்பு வருகிறது என்று காட்டப் பதிவு வேண்டும். ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஒரு நாளைக்கு நான்கு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம் ஊதி எழுதுங்கள். விடுமுறை நாட்களும் அதில் இருக்க வேண்டும், ஒப்பிடத்தான். அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். இன்ஹேலர் அடித்தும் ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு போதவில்லை என்றால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து ஆம்புலன்ஸ் எண் 10177-க்கு அழையுங்கள். கைபேசியில் 112-உம் கிடைக்கும்.