ஜெர்மனியில் வீடு பார்க்கிறீர்களா? துடைப்பக் கட்டையோடு போங்கள்

ஸ்டுட்கார்ட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை சதுர மீட்டர் இருந்தால் போதும்?" என்பதுதான். நானும் அதே கேள்வியோடு வந்து, தப்பாகக் கணக்குப் போட்டு, இரண்டு வருடம் தண்டம் அழுதவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆபீஸ் சமாச்சாரங்களை முதலில் முடித்துவிடுவோம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு), அதற்கு வீட்டு ஓனரின் உறுதிக் கடிதம். அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத கால்ட்மீட்டே (ஹீட்டிங் போன்ற செலவுகள் சேராத வாடகை), அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். குடும்பத்தை அழைக்கப் போதுமான இடம் காட்டச் சொல்லும் விசா என்றால், பொதுவாக 6 வயதுக்கு மேல் ஆளுக்கு 12 சதுர மீட்டர், சிறு குழந்தைக்கு 10. இது அதிகாரியின் கணக்கு. குடித்தனக் கணக்கு வேறு.

என் முதல் தப்பு, ஊர்க் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தது. வேளச்சேரியில் நாங்கள் இருந்தது 950 சதுர அடி ஃபிளாட். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி, வகுத்தால் 88 வந்தது. அதற்குக் குறைந்து எடுக்க மாட்டேன் என்று நின்றேன். அந்த 950 சூப்பர் பில்ட்-அப் என்பதையும், சுவர், மாடிப்படி, லிஃப்ட், வாட்ச்மேன் நாற்காலி போடும் இடம் வரை அதில் நம் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிட்டேன். உள்ளே நடமாடிய இடம் 690 இருந்தால் பெரிது, அதாவது 64 சதுர மீட்டர். இங்கே வோன்ஃப்லேஹே (குடியிருப்புப் பரப்பு) என்று போடுவது சுவருக்கு உள்ளே அளந்தது. பால்கனியைக் கூட வழக்கமாகக் கால் பங்குதான் சேர்ப்பார்கள். கீழே இருக்கும் கெல்லர் (நிலவறை) கணக்கிலேயே வராது. அறை எண்ணிக்கையிலும் சமையலறை, குளியலறை சேராது, ஹால் சேரும். மூன்று அறை என்றால் நம் 2 பிஎச்கே. சமையலறையில் சிங்க், அடுப்பு இருக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் குழாய் மட்டும் சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும்.

சரி, கதைக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்தது 74 சதுர மீட்டர், நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை, கூரைக்கு அடியில் இருக்கும் டாஹ்கெஷோஸ் வீடு. பார்க்கப் போனபோது வரிசையில் பதினைந்து பேர். சரிந்த கூரையும் அதில் ஒரு ஜன்னலும் படத்தில் வருவது போல அழகாக இருந்தன. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

குடியேறிய பிறகுதான் தெரிந்தது, ஆளுயர பீரோ நிற்க இருந்தது ஒரே ஒரு சுவர், அதிலும் நடுவில் கதவு. அம்மா வந்தபோது முதல் ராத்திரியே கட்டிலிலிருந்து எழுந்து கூரையில் நங்கென்று இடித்துக்கொண்டார். அப்புறம் இருந்த மூன்று மாதமும் எழும்போதெல்லாம் ஒரு உள்ளங்கையை உச்சந்தலைக்கு மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டேதான் எழுந்தார். பார்க்கச் சிரிப்பு வரும், உள்ளே எரியும்.

கூரை சரிவுக்கு இங்கே தெளிவான விதி இருக்கிறது. 2004 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் பரப்பளவு ஆணைப்படி, 2 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள இடம் முழுதாகச் சேரும். 1 முதல் 2 மீட்டருக்குள் பாதி. 1 மீட்டருக்குக் கீழே பூஜ்யம். எங்கள் படுக்கையறை தரையில் நாலுக்கு நாலு, 16 சதுர மீட்டர். ஒரு பக்கம் 1 மீட்டர் அகலத்துக்குக் கூரை இடுப்புக்குக் கீழே. அது போச்சு. அடுத்த 1 மீட்டர் அகலம் பாதி. மிச்சம் 10. ஓனர் 16 என்றே எழுதியிருந்தார்.

முழு வீட்டையும் அளந்தேன். துடைப்பக் கட்டையை 1 மீட்டருக்கு வெட்டி, செங்குத்தாகப் பிடித்து நகர்த்தி, நுனி கூரையைத் தொடும் இடத்தில் தரையில் டேப் ஒட்டினேன். 2 மீட்டர் உயரக் கோட்டையும் ஒரு நீளக் கம்பால் இதே மாதிரி குறித்தேன். 62 வந்தது. ஒப்பந்தத்தில் சொன்ன பரப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வாடகையைக் குறைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லியிருக்கிறது. எனக்கு 16 சதவீதம். கொண்டாட்டமாக வாடகைதாரர் சங்கத்துக்குப் போனேன்.

அங்கிருந்த அம்மாள் ஒப்பந்தத்தைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். அளவில் பிழை இருக்கலாம் என்பதால், இந்தப் பரப்பு வாடகைக்கு விடும் பொருளை நிர்ணயிக்காது என்று இருந்தது. அந்த ஒரு வரி இருந்தால், எழுதிய 74 வாக்குறுதி ஆகாது. 2010-ல் அதற்கும் தீர்ப்பு வந்துவிட்டது. சதுர மீட்டருக்கு 15 யூரோ வீதம், இல்லாத 12 சதுர மீட்டருக்கு மாதம் 180 யூரோ. இரண்டு வருடத்தில் 4,320. ஆறுதலாக ஒன்று: வீடுகளுக்குள் பரப்பை வைத்துப் பிரிக்கும் ஹீட்டிங் போன்ற செலவுகளின் கணக்கு உண்மையான அளவில்தான் இருக்க வேண்டும். அதில் 290 யூரோ திரும்பி வந்தது.

ஆகவே அந்த வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள். ஜெர்மன் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அந்தப் பக்கத்தை மட்டுமாவது காட்டுங்கள். வரி இருந்தால், அளந்து பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

எத்தனை வேண்டும் என்றால், என் அனுபவத்தில் இரண்டு பேருக்கு 50, ஒரு குழந்தையோடு 65. கூரை நேராக இருக்க வேண்டும். துணி காயப்போட இங்கே மொட்டை மாடி கிடையாது, விரித்த ஸ்டாண்டு ஒன்று குளிர்காலம் முழுக்க ஹாலில் நிற்கும், அதற்கும் இடம் விடுங்கள். அப்பா அம்மா வந்தால் 90 நாள், சாத்திக்கொள்ள ஒரு கதவுள்ள அறை வேண்டும். பெட்டிகள், அரிசி மூட்டை எல்லாம் கெல்லருக்குப் போய்விடும். இப்போது நாங்கள் இருப்பது 66 சதுர மீட்டர், லிஃப்ட் உண்டு. பழைய வீட்டில் சரிவுக்கு அடியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்த கிரைண்டருக்குத்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை, வாஷிங் மெஷின் மேல் இருக்கிறது.