மருந்தடிக்கும் முன்னாடி ஓலையைத் திருப்பிப் பாருங்க

தென்னையில, ஓலையோட சாறை உறிஞ்சுற சுருள் வெள்ளை ஈ வந்துட்டா, எத்தனை இருக்குன்னு பார்த்து மலைக்காதீங்க. கூடுதா, குறையுதா, அதைப் பாருங்க. பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ் ஒண்ணு போதும்.

அடிமட்டையில ஒரு ஓலையைக் கிழிச்சு கீழ்ப்பக்கத்தைத் திருப்புங்க. வெள்ளை மெழுகுச் சுருளுக்குள்ள முட்டை. பக்கத்துலயே தட்டையா ஒட்டியிருக்கிறது கூட்டுப்புழு. வெளிறிய மஞ்சளா இருந்தா ஈ வளருது. கருத்திருந்தா, உள்ளே என்கார்சியாங்கிற பொடிக் குளவியோட புழு அதைத் தின்னுக்கிட்டிருக்கு. காலிக் கூட்டையும் விடாதீங்க: முதுகு இங்கிலீஷ் ‘T’ எழுத்து மாதிரி பிளந்திருந்தா ஈ தப்பிச்சிருக்கு, வட்ட ஓட்டைன்னா குளவி வெளியே வந்திருக்கு. ஆனா அது பழைய கதை. இன்னிக்கு நிலவரத்தைச் சொல்றது கருப்புக் கூடுதான். நாலஞ்சு மரத்துல சேர்த்து காலிக் கூட்டை விட்டுட்டு, மஞ்சளும் கருப்புமா 100 கூடு எண்ணுங்க. பாதி கருத்திருந்தா நான் மருந்து டப்பாவைத் தொடவே மாட்டேன். ரசாயனம் அடிச்சா குளவியும் சேர்ந்து சாகும். மெழுகுக்கு அடியில தப்பின ஈ, கேட்க ஆளில்லாம பெருகும்.

கருப்பே இல்லையா? குளவி நிறைய இருக்கிற தோப்புல இருந்து கருப்புக் கூடு உள்ள ஓலைத்துண்டு வாங்கி, மட்டையில குத்தி வைங்க.

அப்புறம் வானம். வறண்ட வெயில் இந்த ஈக்குக் கொண்டாட்டம். அடிச்சுப் பெய்யுற மழை கழுவிவிட்டுரும். மழை இல்லாத மாசத்துல அந்த வேலை நம்மளுது: மோட்டார் தண்ணியை வேகமா, மட்டையோட கீழ்ப்பக்கத்துல பீச்சணும். பறக்கிற ஈக்கு, மஞ்சள் ஷீட்டுல விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்க. தூசி படிஞ்சா துடைச்சு மறுபடி தடவணும், இல்லேன்னா அது வெறும் தோரணம்.

ஓலை மேல கருப்பா படியறதைப் பார்த்துத்தான் பாதிப்பேர் பதறுறாங்க. ஈ விடுற இனிப்புத் தண்ணியில வளர்ற கரும்பூசணம் அது. மைதாக் கஞ்சியை நீர்க்கக் கரைச்சுத் தெளிச்சா, வெயில்ல காய்ஞ்சு செதிலா உதிரும்.

வாழை, கொய்யா, சப்போட்டா ஊடுபயிரா இருந்தா அதோட இலையையும் திருப்பிப் பாருங்க. தென்னையில விரட்டினது அங்கே குடியிருக்கும்.

கடைசியா, வெளியூர் நாத்து. 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட பூச்சி இவ்வளவு தூரம் பரவினதுல, நாத்து ஏத்தின வண்டிகளுக்கும் பங்கு உண்டு. தோப்புக்குள்ள இறக்கும் முன்னாடி, ஒவ்வொரு நாத்தோட ஓலையையும் வண்டியிலேயே வச்சுத் திருப்பிப் பாருங்க.